நார்மல் ரிப்போர்ட்டும் தழும்பேறும் ஈரலும்

அமெரிக்காவில் 94 பேரின் கல்லீரலிலிருந்து ஊசி மூலம் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் வயதுவந்தவர்கள். எல்லோருக்கும் பிறவியிலேயே ஒரு புரதம் குறைவு. 33 பேரின் ஈரலில், அலட்சியப்படுத்த முடியாத அளவுக்குத் தழும்பு ஏறியிருந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல். 2018-ல் இந்த ஆய்வு வெளிவரும்வரை அந்தப் புரதக் குறைபாட்டைப் பெரும்பாலான மருத்துவர்கள் நுரையீரல் சமாசாரமாகத்தான் வைத்திருந்தார்கள். ஈரலா, அது சின்னக் குழந்தைகளுக்கு வருவது என்பதே பொதுவான எண்ணம்.

புரதத்தின் பெயர் ஆல்ஃபா-1 ஆன்ட்டிட்ரிப்சின். நீளமான பெயர், ஏ.ஏ.டி. என்று சுருக்கிக்கொள்வோம். சாப்பாட்டில் பருப்பும் முட்டையும் குறைவதால் வரும் சத்துக்குறைவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது மரபணுவில் இருக்கும் பிழை. எதைச் சாப்பிட்டாலும் தீராது.

ஏ.ஏ.டி.யைப் பெரும்பாலும் ஈரல்தான் தயாரிக்கிறது, நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம். ஆனால் அதற்கு வேலை நுரையீரலில். கிருமிகளை அழிக்க வரும் வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியை உமிழ்கின்றன. கிருமி செத்த பிறகும் மிச்சமிருக்கும் நொதி, நுரையீரலின் நெகிழ்வான நார்களையே அரிக்கத் தொடங்கும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் ஏ.ஏ.டி. அது போதிய அளவு வந்து சேராவிட்டால் நுரையீரலின் காற்றறைகள் சிதைந்து எம்ஃபிசீமா வரும். புகைபிடிப்பவருக்கு முப்பதுகளிலும் நாற்பதுகளிலுமே மூச்சிரைக்கும்.

இது நுரையீரலின் கதை. ஈரலின் கதை இதற்கு நேர் எதிரானது. நுரையீரல் கெடுவது புரதம் வராததால், ஈரல் கெடுவது புரதம் போகாததால். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால், பரிசோதனைகள் ஏன் ஏமாற்றுகின்றன, மருந்துகள் ஏன் ஒன்றுக்கு உதவி மற்றொன்றுக்கு உதவாமல் போகின்றன என்பதெல்லாம் விளங்கிவிடும்.

ஏ.ஏ.டி. என்பது 394 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மூலக்கூறு. அதில் 342-வது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இசட் என்று பெயரிடப்பட்ட மரபணு வகையில் அந்த இடத்தில் லைசின் உட்கார்ந்துகொள்கிறது. 394-ல் ஒன்றுதான் மாறுகிறது, ஆனால் மூலக்கூறு மடிய வேண்டியபடி மடிவதில்லை. ஒரு மூலக்கூறின் வளையம் பக்கத்து மூலக்கூறின் பிளவுக்குள் போய் மாட்டிக்கொள்கிறது, அதன் வளையம் அடுத்ததில். இப்படியே நீளமான சங்கிலியாகி, செல்லுக்குள் புரதம் தயாராகும் அறையிலேயே தேங்கிவிடுகிறது. 1992-ல் கேம்பிரிட்ஜில் டேவிட் லோமாஸும் ராபின் கேரலும் அவர்களுடைய குழுவினரும் இந்த மாட்டலைக் கண்டு சொன்னார்கள். தயாராகும் இசட் புரதத்தில் பெரும்பகுதியைச் செல்லே உடைத்து அப்புறப்படுத்திவிடுகிறது. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது. உடைக்கவும் முடியாமல் வெளியேற்றவும் முடியாமல் செல்லுக்குள் உருண்டையாகத் தங்கும் மிச்சம்தான் ஈரலுக்கு வினை.

இதற்கு இயற்கையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. மிக அபூர்வமாகச் சிலருக்கு இந்த மரபணு முற்றிலும் ஊமையாக இருக்கும், ஒரு துளி ஏ.ஏ.டி.கூட உருவாகாது. அவர்களுடைய நுரையீரல் சீக்கிரமே பாழாகிறது. ஈரலுக்கோ இந்தக் காரணத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. தேங்குவதற்குச் சரக்கே இல்லையே!

மால்மோவிலிருந்து ஆகன் வரை

ஸ்வீடனின் மால்மோ நகர மருத்துவமனையில் கார்ல்-பெர்டில் லாரெல் ரத்தப் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பட்டைகளாகப் பிரித்துப் பார்ப்பவர். சுமார் 1,500 மாதிரிகளில் ஐந்தில் மட்டும் ஒரு பட்டை காணவில்லை. ஸ்டென் எரிக்சன் என்ற இளம் மருத்துவருடன் சேர்ந்து அந்த ஐந்து பேரின் கோப்புகளைத் தேடியபோது மூவருக்கு நுரையீரல் நோய் இருந்தது. 1963-ல் இதை வெளியிட்டார்கள். நுரையீரல் முத்திரை அன்றே குத்தப்பட்டுவிட்டது.

1969-ல் அமெரிக்காவின் ஹார்வி ஷார்ப், இதே குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஈரல் சுருங்கிக் கெட்டிப்படும் சிரோசிஸ் வருவதைக் காட்டினார். பிறகு ஸ்வீடன் ஒரு பெரிய காரியம் செய்தது. 1972 முதல் 1974 வரை பிறந்த இரண்டு லட்சம் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இசட் மரபணுவைப் பெற்ற, அதாவது இசட்-இசட் வகைக் குழந்தைகள் நூற்றிருபதுக்குச் சற்று மேல். அவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் நீடித்த மஞ்சள் காமாலை வந்தது. அந்தப் பிள்ளைகளிலும் பலர் தேறி, பதின்வயதில் நார்மலான ரத்த அளவுகளோடு வளர்ந்தார்கள். ஈரல் பிரச்சினை குழந்தையில் வரும், தப்பித்தால் தப்பித்ததுதான் என்ற எண்ணம் இங்கிருந்து பலப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் 1986-லேயே எரிக்சனும் சகாக்களும் எச்சரித்திருந்தார்கள். மால்மோவில் இறந்த இசட்-இசட் பெரியவர்களின் பிரேதப் பரிசோதனைகளை ஆராய்ந்ததில் சிரோசிஸும் ஈரல் புற்றுநோயும் மற்றவர்களைவிட அதிகம், முக்கியமாக ஆண்களிடம். உயிரோடு நடமாடும் பெரியவர்களின் ஈரலைத் தேடிப் பார்க்கும் பெரிய ஆய்வுகள் வருவதற்கு அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் ஆயின. ஒரு காரணம் எளியது. அதுவரை பார்ப்பதற்கு ஊசியை விட்டால் நல்ல வழி இல்லை. ஜெர்மனியின் ஆகன் நகரிலிருந்து நடத்தப்பட்டு 2019-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, ஊசியின்றி ஈரலின் விறைப்பை அளக்கும் கருவியோடு 554 இசட்-இசட் பெரியவர்களைப் பார்த்தது. எந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தாலும் ஐந்தில் ஒருவருக்காவது கணிசமான தழும்பு இருக்கலாம் என்று தெரிந்தது. இந்த மரபணு இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் ஒன்பது முதல் இருபது மடங்கு.

இசட் மரபணு வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் அதிகம். அங்கே சில ஆயிரம் பேரில் ஒருவர் இசட்-இசட். தெற்காசியாவில் அது மிக அரிது. ஆகவே நம் ஊரில் ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி கூடியிருந்தால் மருத்துவர் முதலில் கொழுப்பு ஈரலையும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களையும் மதுவையும் மருந்துகளையும் தேடுவது முற்றிலும் சரி. இளவயதுக்காரர் என்றால் செம்பு தேங்கும் வில்சன் நோயையும் பார்ப்பார். இவை எதுவும் இல்லை என்றான பிறகும் காரணம் கிடைக்காவிட்டால், ஏ.ஏ.டி. அளவை ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஈரல் மருத்துவரின் முதல் பட்டியலிலேயே இது இருக்க வேண்டும். அங்கும் நடைமுறை அவ்வளவு செம்மையில்லை. அமெரிக்காவில் 1994-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், முதல் அறிகுறிக்கும் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டதற்கும் இடையே சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தது.

ஈரல் ஏன் சொல்வதில்லை

ஈரல் நோய் என்றதும் நாம் எதிர்பார்ப்பது கண் மஞ்சளாவது, வயிறு உப்புவது, கால் வீங்குவது, ரத்த வாந்தி, கறுப்பு மலம். இவை எல்லாம் கடைசிக் கட்டம். ஈரலில் பாதிக்கு மேல் வேலை செய்யாமல் போனாலும் மிச்சப் பகுதி சமாளித்துக்கொண்டே இருக்கும். நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மிஞ்சிப்போனால் அசதி இருக்கலாம். அசதி யாருக்குத்தான் இல்லை?

சரி, ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்காதா? இங்கேதான் இந்த நோய் வழுக்குகிறது. எல்.எஃப்.டி. என்று நாம் எடுக்கும் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற இரண்டும் ஈரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். செல் உடைந்தால் அவை ரத்தத்தில் கலக்கும். ஹெபடைட்டிஸ் வைரஸ் தாக்கும்போது செல்கள் கூட்டம் கூட்டமாக உடைவதால் எண் ஆயிரத்தைத் தொடலாம். இசட் புரதம் தேங்கிய ஈரலில் அப்படி நடப்பதில்லை. உருண்டைகள் நிறைந்த செல்கள் நொந்துபோய்க் கிடக்கின்றன, ஆனால் உடனே சாவதில்லை. எந்தச் சமயத்திலும் சாவது மிகச் சிறு பங்குதான். அந்த இடத்தை நிரப்ப, உருண்டை குறைந்த செல்கள் பெருகுகின்றன. கொஞ்சம் சாவு, கொஞ்சம் பிறப்பு, நடுவில் கொஞ்சம் தழும்பு என்று முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடுகின்றன. அன்றைக்கு எத்தனை செல் உடைந்தது என்பதைத்தான் எஸ்.ஜி.பி.டி. சொல்லும், இதுவரை எவ்வளவு தழும்பு சேர்ந்தது என்பதைச் சொல்லாது.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் அச்சாகும் நார்மல் எல்லை. பல ஆய்வகங்கள் 40, 45, ஏன் 55 வரைகூட நார்மல் என்று போடுகின்றன. அமெரிக்க இரைப்பை-குடலியல் கல்லூரி 2017-ல் தந்த வழிகாட்டுதல்படி எஸ்.ஜி.பி.டி.யின் உண்மையான மேல் எல்லை ஆண்களுக்கு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25. இசட்-இசட் உள்ள ஒரு பெண்ணுக்கு 38 வந்தால் தடித்த எழுத்தில் எதுவும் அச்சாகாது, ஆனால் அது பேசாமல் விட்டுவிடும் எண் அல்ல.

ஆல்புமின், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., பிலிருபின் ஆகியவை இன்னும் தாமதம். அவை மாறினால் ஈரல் ஏற்கெனவே தடுமாறத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த வரிசையில் எனக்கு மதிப்பு அதிகம் தோன்றுவது, எல்.எஃப்.டி. தாளிலேயே இல்லாத ஓர் எண்: பிளேட்லெட். ஈரல் கெட்டிப்படும்போது அதற்குள் வரும் ரத்தம் எதிர்ப்பைச் சந்தித்து மண்ணீரலில் தேங்கும், மண்ணீரல் பெருத்துப் பிளேட்லெட்டுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஐந்து ஆண்டுகளில் பிளேட்லெட் 2,40,000-லிருந்து 1,60,000-க்கு இறங்கியிருந்தால், இரண்டும் நார்மல் எல்லைக்குள்தான் என்றாலும், அந்த இறக்கம் ஏன் என்று கேட்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி சுலபமாகத் தோன்றும்.

வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ஆரம்பத் தழும்பைக் காட்டாது. ஈரலின் ஓரம் கரடுமுரடாவதும் மண்ணீரல் பெருப்பதும் வயிற்றில் நீர் கோப்பதும்தான் அதற்குத் தெரியும். அது தரும் வேறொரு விடை சில சமயம் வழியைத் திருப்பிவிடுகிறது: ஃபேட்டி லிவர். இசட்-இசட் உள்ளவர்களின் ஈரலில் கொழுப்பு சேர்வதும் சற்று அதிகம் என்று 2019 ஆய்வு காட்டியது. ஸ்கேனில் கொழுப்பு என்று வந்ததும் "எடையைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க" என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவார்கள். காரணம் கிடைத்துவிட்டது என்ற திருப்தியில் இரண்டாவது காரணத்தை யாரும் தேடுவதில்லை.

முதலில் குறைபாடு, பிறகு தழும்பு

இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தக் குறைபாடு இருக்கிறதா என்பது ஒன்று. இருந்தால் ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது வேறொன்று. முதல் கேள்விக்கு வாழ்நாளில் ஒருமுறை விடை கிடைத்தால் போதும். இரண்டாவதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் கேள்விக்கு ரத்தத்தில் ஏ.ஏ.டி. அளவு பார்க்கிறார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறினாலும், டெசிலிட்டருக்கு 90 முதல் 200 மில்லிகிராம் வரை சாதாரணம். இசட்-இசட் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 50-க்குக் கீழே இருக்கும். ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சல், தொற்று, அழற்சி போன்ற சமயங்களில் ஈரல் இந்தப் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும். கர்ப்பத்திலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும்போதும் அப்படியே. ஒரு இசட் மட்டும் உள்ளவர் நிமோனியாவோடு படுத்திருக்கும்போது ரத்தம் எடுத்தால் அளவு நார்மலாகத் தெரிந்துவிடலாம். அதனால் சி.ஆர்.பி. என்ற அழற்சிக் குறியீட்டையும் கூடவே பார்ப்பது நல்லது. அளவு குறைவாகவோ சந்தேகமாகவோ இருந்தால் எந்த வகை என்று பார்க்க வேண்டும், புரதத்தை மின்புலத்தில் பிரித்தோ மரபணுவை நேராகச் சோதித்தோ. எம் என்பது சாதாரண வகை. எஸ், இசட் இரண்டும் பரவலான பிழை வகைகள். மரபணுச் சோதனைப் பெட்டி எஸ், இசட் இரண்டை மட்டும் தேடுவதாக இருந்தால் அபூர்வ வகைகள் தப்பிவிடும். ஜப்பானில் காணப்படும் சீயாமா, தெற்கு ஐரோப்பாவில் தென்படும் எம்-மால்டன் ஆகியவையும் ஈரலில் தேங்குபவைதான். அளவு மிகக் குறைவு, சோதனையோ எம்-எம் என்கிறது என்றால் மரபணுவை முழுவதுமாகப் படிக்கச் சொல்ல வேண்டும்.

ரத்தத்தில் ஏ.ஏ.டி. எவ்வளவு குறைவோ ஈரல் அவ்வளவு மோசம் என்று கணக்குப் போடக் கூடாது. நுரையீரல் மோசமாக இருப்பதால் ஈரலும் மோசமாக இருக்கும் என்பதும் இல்லை. மூச்சுத் தொல்லையே இல்லாத ஐம்பத்தைந்து வயதுக்காரருக்குச் சிரோசிஸ் இருக்கலாம். நுரையீரல் மருத்துவரிடம் பல ஆண்டுகள் தவறாமல் போய்வருபவரின் ஈரலை ஒருவரும் பார்க்காமல் விட்டிருக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு, காசு செலவில்லாத முதல் படி ஒரு கணக்கு. ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். அதை, பிளேட்லெட் எண்ணிக்கையையும் (ஆயிரங்களில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 52 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 1,65,000. மேலே 52 பெருக்கல் 38, அதாவது 1,976. கீழே 165 பெருக்கல் 6, அதாவது 990. விடை ஏறத்தாழ 2. இதில் 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேல் இருந்தால் அதிகம். இவர் நடுவில் நிற்கிறார். இவருடைய தாளில் ஒரு எண்கூட நட்சத்திரம் போட்டு வந்திருக்காது என்பதைக் கவனியுங்கள். மூன்றையும் வயதோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் சந்தேகம் தலைகாட்டுகிறது.

ஃபிப்-4 முதலில் ஹெபடைட்டிஸ் சி-யும் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தவர்களுக்காக 2006-ல் உருவானது. இசட்-இசட் ஈரலுக்கு அதன் எல்லைகள் கச்சிதமாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. 35 வயதுக்குக் கீழே அது நம்பகமில்லை. 65-க்கு மேலே வயதே விடையை ஏற்றிவிடும். வாசலில் நின்று யாரை உள்ளே அனுப்பலாம் என்று பார்க்கத்தான் அது. தீர்ப்பு சொல்ல அல்ல.

அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன். மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். விலா இடுக்கில் ஒரு முனையை வைத்து மெல்லத் தட்டும். வலிக்காது. அந்தத் தட்டலிலிருந்து எழும் அலை ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைக் கருவி அளக்கும். மென்மையான ஈரலில் அலை நிதானமாகப் போகும், விறைத்த ஈரலில் விரையும். தேங்காயைத் தட்டி உள்ளே எப்படி என்று கண்டுபிடிக்கும் வித்தைதான், எண்ணோடு வருகிறது. பத்து முறை அளந்து நடு மதிப்பைக் கிலோபாஸ்கலில் சொல்வார்கள். ஐரோப்பிய ஆய்வு 7.1-ஐக் கணிசமான தழும்பின் எல்லையாக வைத்துக்கொண்டது. 10-க்குக் கீழே இருந்து வேறு அறிகுறியும் இல்லையென்றால் முற்றிய ஈரல் நோய் இருக்க வாய்ப்பு குறைவு. 15-ஐத் தாண்டினால் அது இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். அதே கருவி ஈரலில் கொழுப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்தே அளந்து தரும்.

இந்த எண்ணை உயர்த்திக் காட்டும் வேறு விஷயங்களும் உண்டு. சாப்பிட்டவுடன் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் விறைப்பும் கூடும். மூன்று மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும், பலர் காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஈரலில் அப்போதைக்கு அழற்சி இருந்தால் எண் ஏறும். பித்தநாளம் அடைத்திருந்தால் ஏறும். நுரையீரல் நோய் முற்றி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போனவருக்கு ஈரலில் ரத்தம் தேங்கும், அப்போதும் ஏறும். இந்தக் குறைபாட்டில் நுரையீரல் நோயும் சேர்ந்தே இருக்கக்கூடும் என்பதால் இந்தக் கடைசிக் காரணத்தை மறக்கக் கூடாது. உடல் பருத்தவர்களுக்குத் தனி முனை வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் இந்தக் கருவியால் அளக்கவே முடியாது. எம்.ஆர்.ஐ. கருவியிலும் இதே போன்ற விறைப்பு அளவீடு உண்டு. ஈரலின் பெரும்பகுதியைப் பார்க்கும், விலையும் அதற்கேற்ப.

அப்படியானால் ஊசியால் துணுக்கெடுத்துப் பார்க்கும் பயாப்ஸி எதற்கு? குறைபாடு இருக்கிறதா என்று அறிய அது தேவையில்லை, ரத்தமே சொல்லிவிடும். ஃபிப்-4 ஒன்று சொல்லி ஃபைப்ரோஸ்கேன் வேறொன்று சொன்னாலோ, வேறு ஈரல் நோயும் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலோ ஊசிக்குப் போகலாம். நோயியல் நிபுணர் அந்தத் துணுக்குக்கு பி.ஏ.எஸ். என்ற சாயம் ஏற்றுவார். டயஸ்டேஸ் நொதியால் கழுவிய பிறகும் நிறம் போகாத ஊதா-சிவப்பு உருண்டைகள் தெரிந்தால், தேங்கிய ஏ.ஏ.டி. அதுதான். ஊசியில் வருவது முழு ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவே. தழும்பு சமமாகப் பரவியிருக்காது. அந்த ஒரு துணுக்கில் இல்லை என்பதால் வேறெங்கும் இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. சிறிய அளவில் ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. 94 பேர் ஆய்வுக்காக அதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்பது சாதாரண விஷயமல்ல.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? இசட்-இசட் உள்ள பெரியவர், எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை எல்.எஃப்.டி.யும் பிளேட்லெட்டும் பார்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விறைப்பும் அளந்துகொள்வது நியாயமான ஏற்பாடு. ஆணாக இருந்தால், ஐம்பதைத் தாண்டியிருந்தால், சர்க்கரையும் தொப்பையும் ரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். அந்த 94 பேரிலும் இந்த வளர்சிதை மாற்றக் கோளாறு இருந்தவர்களிடம்தான் தழும்பு வெகு அதிகமாகக் காணப்பட்டது. இசட் மட்டுமே எல்லோர் ஈரலையும் கவிழ்ப்பதில்லை. இரண்டாவது கை ஒன்று வேண்டியிருக்கிறது, அந்தக் கை பெரும்பாலும் மதுவும் உடல் எடையும்.

ஒரு இசட், ஒரு எம் உள்ளவர்கள் வட ஐரோப்பியரில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இருப்பார்கள். இவர்களில் பெரும்பாலோர் அது தெரியாமலேயே நலமாக வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆனால் நிறையக் குடிப்பவராகவோ கொழுப்பு ஈரல் உள்ளவராகவோ இருந்தால், சிரோசிஸுக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுகிறது என்று 2019-ல் வந்த மற்றோர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஒரே மேசையில் ஒரே அளவு குடித்த இருவரில் ஒருவருக்கு மட்டும் ஈரல் ஏன் போகிறது என்பதற்கு இது ஒரு பகுதி விடை.

கண்டுபிடித்த பிறகு

சிரோசிஸ் என்று தெரிந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், ஈரல் புற்றுநோயைச் சிறியதாக இருக்கும்போதே பிடிக்க. உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோபி தேவைப்படலாம். ஹெபடைட்டிஸ் ஏ, பி தடுப்பூசிகளைத் தழும்பு வரும்வரை காத்திருக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும். மதுவை நிறுத்துவதைப் பற்றி இரண்டு கருத்து இல்லை.

உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும். ஒருவர் இசட்-இசட் என்றால் ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. அண்ணனுக்கு ஈரல் போனபிறகு தங்கைக்கு ரத்தம் எடுக்கும் குடும்பங்கள் உண்டு. அண்ணனின் முடிவு கைக்கு வந்த அன்றே தங்கையை அனுப்புவதில் ஒரு குழாய் ரத்தத்துக்கு மேல் செலவில்லை.

நுரையீரலுக்காக ஏ.ஏ.டி.யை வாரம் ஒருமுறை ரத்தநாளம் வழியாக ஏற்றும் சிகிச்சை அமெரிக்காவில் 1987-லேயே அனுமதி பெற்றது. ஈரலுக்கு அதனால் பயனில்லை. வெளியிலிருந்து நல்ல புரதம் கொடுப்பதால் உள்ளே தேங்கியது கரையாது. ஈரல் முற்றிலும் தோற்றால் மாற்று ஈரல்தான். புதிய ஈரல் கொடையாளியின் மரபணுப்படி வேலை செய்வதால் ரத்தத்தில் ஏ.ஏ.டி. அளவும் நார்மலுக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்குப் போவது மட்டும் பழைய இசட்தான்.

ஃபாசிசிரான் என்ற மருந்து வேறு வழியில் போகிறது. இசட் புரதம் உருவாவதற்கான செய்தியையே ஈரல் செல்லுக்குள் வைத்து அழித்துவிடுகிறது, சரக்கு வராவிட்டால் தேக்கமும் இல்லை. ஊமை மரபணுக்காரர்களின் ஈரல் ஏன் நலமாக இருந்தது என்று முன்பு பார்த்தோமே, அதே தர்க்கம். 2022-ல் வெளியான 16 பேர் சோதனையில் ஈரலில் தேங்கியிருந்த இசட் புரதம் எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது, சிலருக்குத் தழும்பும் பின்வாங்கியது. ரத்தத்துக்குப் போகும் கொஞ்சநஞ்சப் புரதமும் இதனால் குறைவதால் நுரையீரலைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்கிறார்கள். மரபணுவில் இந்தப் பிழைக்குக் காரணமான ஒற்றை எழுத்தையே ஈரலுக்குள் திருத்தும் முயற்சிகள் இரண்டு பக்கத்தையும் ஒருசேரக் காக்கப் பார்க்கின்றன. மனிதர்களிடம் அவற்றின் முதல் முடிவுகள் 2025-ல் வெளிவந்தன. ஃபாசிசிரானின் பெரிய, மூன்றாம் கட்டச் சோதனையில் சேர, குறைபாடு இருந்தால் மட்டும் போதாது. ஈரலில் இரண்டாம் நிலைத் தழும்பாவது இருப்பதைப் பயாப்ஸியில் காட்ட வேண்டும்.